காட்டைப் படிக்க ஆகும் செலவும் காட்டில் கிடைக்கும் சம்பளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்திலும், பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் முடியும் வாரத்திலும் எனக்கு வருகிற போன்களில் பாதி இதைப் பற்றித்தான். "வனவிலங்கு உயிரியல் எடுக்கலாமா? எடுத்தால் வாழ முடியுமா?" சில நேரம் பிள்ளை பேசும், பக்கத்தில் அப்பா நிற்பது செருமலில் தெரிந்துவிடும். சில நேரம் அம்மாவே நேராகப் பேசுவார்.

நான் விலங்கியலில் இளங்கலை, வனவிலங்கு உயிரியலில் முதுகலை முடித்தவன். பதினான்கு ஆண்டுகளாக மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கள ஆய்வு வேலை. தமிழ்நாட்டிலிருந்து இந்தப் படிப்புக்குப் போக நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இந்தப் படிப்பு கட்டுப்படியாகுமா?

கட்டணத்தை மட்டும் பார்த்தால் தாராளமாகக் கட்டுப்படியாகும். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஆகிற செலவில் ஒரு சிறு பங்குதான். வருடங்களைக் கணக்கில் எடுத்தால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. 21 வயதில் பி.எஸ்சி., 23-இல் எம்.எஸ்சி. அதன் பிறகு ஓரளவு நிலையான வருமானம் வர, என்னுடன் படித்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆயின. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் உண்மையான செலவு. பீஸ் கட்டிய ரசீதில் அது வராது.

வீட்டில் இன்னொரு வருமானம் இருந்து, "முப்பது வயது வரை நீ எங்களுக்கு அனுப்ப வேண்டாம், எங்களிடம் கேட்காமல் இருந்தால் போதும்" என்று சொல்லும் நிலை இருந்தால் தைரியமாக வாருங்கள். தங்கையின் கல்யாணமும் அப்பாவின் கடனும் உங்கள் முதல் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கின்றன என்றால், இதே காட்டுக்கு வேறு வாசல்கள் உண்டு. அவற்றைக் கீழே சொல்கிறேன்.

கட்டணம் உண்மையில் எவ்வளவு வரும்?

அரசு கலைக் கல்லூரிகளில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணமும் சிறப்புக் கட்டணங்களும் மட்டுமே. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் இளங்கலை முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆக, இளங்கலையில் விடுதிச் செலவுதான் பெரியது.

முதுகலையில் செலவு வேறு ரூபத்தில் வரும். கடைசி செமஸ்டரில் நான்கைந்து மாதம் களத்தில் தங்கி ஆய்வு செய்ய வேண்டும். அடிவாரத்தில் வாடகை அறை, காட்டுக்குள் போகிற நாட்களில் ஜீப் செலவு, உடன் வருபவருக்குக் கூலி, ரேஷன் என்று பணம் கைவிட்டுப் போகும். கல்லூரி இதற்குத் தருவது சொற்பம். பல இடங்களில் அதுவும் இல்லை. மூன்றாம் செமஸ்டரிலேயே வழிகாட்டியிடம், "ஐயா, களச் செலவு யார் கொடுப்பது?" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டேன். பாதி ஆய்வில் பணம் தீர்ந்து, மழைக்காலத் தரவே இல்லாமல் ஆய்வேட்டைக் கட்டினேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த வெற்று அட்டவணை கண்ணில் நிற்கிறது.

பிறகு கருவிகள். 8×42 அளவில் ஒரு பைனாகுலர், மழை தாங்கும் ஷூ, அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் காலுறை, ஓரளவு வேகமான லேப்டாப். பைனாகுலரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஷூவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கேமரா வேண்டவே வேண்டாம். முதல் வருடத்திலேயே பெரிய லென்ஸ் வாங்கிக் கடனில் விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். படம் எடுப்பது வேறு, விலங்கை எண்ணுவது வேறு.

படிக்கிற வருடங்களில் இழக்கிற வருமானத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு உதாரணக் கணக்கு. இரண்டு பேர் ஒரே வகுப்பில் பி.எஸ்சி. விலங்கியல் முடிக்கிறார்கள். முதலாமவர் உடனே மாதம் 20,000 ரூபாய் வேலைக்குப் போகிறார். சம்பளமே உயரவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து வருடத்தில் 12 லட்சம்.

இரண்டாமவர் முதுகலை போகிறார். இரண்டு வருடம் வருமானம் பூஜ்யம். பிறகு மூன்று வருடம் புராஜெக்ட் வேலை, மாதம் 25,000. ஆனால் புராஜெக்ட் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் கிடையாது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் வரை வீட்டில் இருக்க வேண்டும். ஒன்பது மாதம் என்று வைத்தால் வருடத்துக்கு 2,25,000. மூன்று வருடத்தில் 6,75,000. வித்தியாசம் 5,25,000 ரூபாய். முதுகலைக்கு ஆன கட்டணம், விடுதி, களச் செலவு எல்லாம் இதற்கு மேல்.

இந்த ஐந்தேகால் லட்சத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஆனால் சேர்வதற்கு முன் ஒரு தடவையாவது அப்பா அம்மா எதிரே உட்கார்ந்து இந்தத் தொகையைத் தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் ஊர்ச் சம்பளத்தை வைத்து எழுதுங்கள். தெரிந்து எடுத்த முடிவில் பிற்பாடு யாரும் யாரையும் குறை சொல்வதில்லை.

முதல் வேலை எப்படி இருக்கும்? சம்பளம்?

வேலை எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்கிறேன். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் அதுதான்.

விடியற்காலை ஆறு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் நடக்க வேண்டும். முன்னால் வேட்டைத் தடுப்புக் காவலர், பின்னால் நீங்கள். கையில் திசைகாட்டி, தூரமானி, ஒரு படிவம். ஒரு மான் கூட்டம் தெரிந்தால் என்ன இனம், எத்தனை, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று நான்கு விவரம் எழுத வேண்டும். பேசக் கூடாது. திடீரென்று முன்னால் போகிறவர் கையைத் தூக்குவார். நின்றுவிட வேண்டும். மூங்கில் அசையாது, சத்தமும் வராது; ஆனால் ஈரச் சாக்கும் புளித்த தழையும் கலந்தது மாதிரி ஒரு வாடை காற்றில் வரும். யானை. அது போகும் வரை இருபது நிமிடமோ முக்கால் மணி நேரமோ அசையாமல் நிற்க வேண்டும். அன்றைக்கு அந்தக் கோட்டைக் கைவிட்டுத் திரும்புவதும் உண்டு. அறைக்கு வந்து அட்டை கடித்த இடத்தைக் கழுவிவிட்டு, மத்தியானம் முழுக்க எக்செல் தாளில் எண்களை ஏற்ற வேண்டும். ஏதாவது அசைந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா பொறி வைத்திருந்தால் ஆயிரக்கணக்கான படங்களைப் பிரிக்க வேண்டும்; அதில் பெரும்பகுதி காற்றில் ஆடிய புல்.

இந்த மத்தியானங்களையும் பொறுமையாக உட்கார்ந்து செய்ய முடிகிறவருக்கே இந்த வேலை ஒத்துவரும்.

சம்பளத்துக்கு வருவோம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2023 விகிதப்படி, புராஜெக்ட் அசோசியேட் முதல் நிலைக்கு நெட் அல்லது கேட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுகளில் ஒன்றைத் தேறியவருக்கு மாதம் 37,000, மற்றவருக்கு 30,000, அதோடு வீட்டு வாடகைப்படி. அதற்கு முன் ஒப்புதல் பெற்ற திட்டங்களில் பழைய விகிதமான 31,000, 25,000 ரூபாயே கொடுப்பார்கள். தொண்டு நிறுவனங்களில் இடத்துக்கு இடம் மாறும். எனக்கு வருகிற அறிவிப்புகளில் புதியவர்களுக்கு 20,000 முதல் 30,000 வரை பார்க்கிறேன். களத்தில் தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் கணக்கென்றால் 20,000 கூடக் கையில் மிஞ்சும். இல்லையென்றால் மிஞ்சாது.

இன்னொன்று, பணம் தேதிக்கு வராது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நிதி வந்து சேரவில்லை என்று ஐந்து மாதம் சம்பளம் நின்றது. பிறகு மொத்தமாக வந்தது உண்மைதான். அந்த ஐந்து மாத வாடகையை நண்பனிடம் வாங்கிக் கட்டினேன். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் துறைக்கு வாருங்கள்.

புலிக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கிறார்களாமே?

எடுப்பார்கள். 2006 முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நாடு தழுவிய கணக்கெடுப்பு நடக்கிறது. அந்த வருடங்களில் கள உயிரியலாளர்களுக்கும் தரவு பார்ப்பவர்களுக்கும் கிராக்கி கூடும்; அறிக்கை வெளியானதும் குறைந்துவிடும். முதுகலை முடிக்கிற வருடம் இந்தச் சுழற்சியில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அது நிரந்தர வேலை இல்லை. ஆனால் புதிதாக வருகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஒரே சீசனில் பத்து வனச்சரகங்களில் ஆட்களைத் தெரிந்துகொள்வீர்கள்; அடுத்த வேலை அந்த அறிமுகத்தில்தான் வரும்.

இளங்கலையிலேயே வனவிலங்குப் படிப்பு எடுக்கலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. இதில் எனக்கு இரண்டு மனது இல்லை.

காரணம் பட்டத்தின் பெயர். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தகுதியான பாடங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது: கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், ஜியாலஜி எனப்படும் நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல். இவற்றில் ஒன்றையாவது பாடமாகக் கொண்ட பட்டம் வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். வனவிலங்கு மேலாண்மை என்ற பெயர் அதில் இல்லை. இளங்கலையில் விலங்கியலோ தாவரவியலோ வனவியலோ எடுத்துவிட்டால் இந்தக் கதவு திறந்தே இருக்கும். ஆசிரியர் வேலைக்கும் அதே கதைதான். முதுகலையில் சிறப்புப் பெயர் கொண்ட பட்டங்களை விலங்கியலுக்குச் சமமாகக் கருதும் அரசாணை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். வேலைக்கான கவுன்சலிங் நாளில் போய் நின்று தெரிந்துகொள்கிற விஷயமா இது? சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் அரசாணை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது என்றால், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் நான்கு வருட பி.எஸ்சி. வனவியல் கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. மரம், மண், நில அளவை, வனச் சட்டம் எல்லாம் சேர்ந்த படிப்பு. வேலை வாய்ப்பின் பரப்பும் அதற்கேற்ப அகலம். கால்நடை மருத்துவம் கிடைத்தால் இன்னும் மேல். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம் ஆகும். ஆனால் யானைக்கு மயக்க ஊசி போடவும் ரேடியோ காலர் மாட்டவும் மருத்துவர்தான் வேண்டும். காட்டு வேலை கிடைக்காத வருடத்திலும் அவருக்குப் பிழைப்பு இருக்கும். இவை இரண்டும் கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் விலங்கியல். அதில் எந்தக் குறையும் இல்லை, நானும் அப்படி வந்தவன்தான்.

வனத்துறையில் சேர இந்தப் பட்டம் உதவுமா?

அறிவுக்கு உதவும். தேர்வுக்கு அவ்வளவாக உதவாது.

வனத்துறைக்குள் போக வழிகள் பல. மேலே இந்திய வனப்பணி: சம்பளம் ஏழாவது ஊதியக்குழுவின் பத்தாம் நிலையில் அடிப்படை 56,100 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. 2023, 2024 அறிவிப்புகளில் நாடு முழுவதற்கும் 150 இடங்கள்தான். முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ். எழுதுகிற அதே தாள். உடற்தகுதியில் ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்து முடிக்க வேண்டும். அடுத்து டி.என்.பி.எஸ்.சி.: குரூப் 1ஏ தேர்வில் உதவி வனப் பாதுகாவலர், வனப் பழகுநர் (பாரஸ்ட் அப்ரண்டிஸ்) தேர்வு எழுதினால் பிற்பாடு வனச்சரக அலுவலர். வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024 முதல் குரூப் 4 தேர்வோடு சேர்ந்துவிட்டன.

மேலே "வேறு வாசல்" என்றேனே, அது இதுதான். வீட்டுக்குப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிற பிள்ளை, இளங்கலையோடு நின்று இந்தத் தேர்வுகளை எழுதட்டும். சீருடையில் காட்டுக்குள் போகலாம், மாதச் சம்பளம் தேதி தவறாது. எனக்குத் தெரிந்து பறவைகளை என்னைவிட நன்றாக அடையாளம் சொல்லும் வனக்காப்பாளர் ஒருவர் இருக்கிறார்; குரலைக் கேட்டே சொல்லுவார். அவர் படித்தது தமிழ் இலக்கியம்.

பிஎச்.டி. செய்தால் வருமானம் வருமா?

இதைப் பலர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். "இன்னும் படிப்பா, எப்போதுதான் சம்பாதிப்பாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகையை வாங்கிவிட்டால் படிக்கிற ஐந்து வருடமும் அதுவே சம்பளம். 2023 ஜனவரியில் வந்த விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அடுத்த மூன்று வருடம் 42,000, தவிர வீட்டு வாடகைப்படி. கூட்டிப் பாருங்கள்: 8,88,000-மும் 15,12,000-மும் சேர்ந்து 24 லட்சம். நான் மேலே போட்ட உதாரணத்தின் முதலாமவரை இவர் இங்கே பிடித்துவிடுகிறார்.

ஜே.ஆர்.எஃப். இல்லாமல் பிஎச்.டி. சேர்வது முற்றிலும் வேறு கதை. பல்கலைக்கழகம் தரும் சிறு உதவித்தொகையில் ஐந்தாறு வருடம் ஓட்ட வேண்டும். முப்பது வயதில் அதைச் செய்து உடைந்துபோனவர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எனவே முதுகலை முதல் வருடத்திலிருந்தே நெட் உயிர் அறிவியல் தாளுக்குத் தயாராகுங்கள். கேட் தேர்விலும் சூழலியலும் பரிணாமமும் என்றே தனித் தாள் இருக்கிறது. அதையும் எழுதிப் பாருங்கள்.

முனைவரான பிறகு உதவிப் பேராசிரியர் என்றால் யு.ஜி.சி. அளவில் அடிப்படை 57,700. இடம் காலியாக வேண்டுமே என்பதுதான் பிரச்சினை. இந்தத் துறை இருக்கிற கல்லூரிகளை விரல் விட்டு எண்ணலாம்.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாட்டில் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும், உதகை அரசு கலைக் கல்லூரியும் வனவிலங்கு உயிரியல் முதுகலைக்குப் பழகிய பெயர்கள். உதகையில் வகுப்பறைக்கு வெளியே கால் வைத்தால் நீலகிரி. முதுமலை கூப்பிடு தூரம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை உண்டு. கேரளத்தில் வெள்ளானிக்கரை வனவியல் கல்லூரி.

நாட்டளவில் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனமும், பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வனவிலங்கு முதுகலையும் முன்னணியில் நிற்பவை. இடங்கள் மிகக் குறைவு, தனி நுழைவுத் தேர்வு உண்டு. பெங்களூர்ப் படிப்புக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள். ஒரு வருடம் காத்திருந்தாலும் இவற்றுக்கு முயல்வது லாபம் என்பேன். பட்டத்தைவிட அங்கே உடன் படிக்கிறவர்களும் பாடம் எடுக்கிறவர்களும்தான் பின்னாளில் உங்களை வேலைக்கு அழைப்பவர்கள். அந்த ஒரு வருடத்தில் கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி மையம் போன்ற இடங்களில் களப் பயிற்சிக்கு முயலுங்கள்.

கல்விக் கடன் வாங்கலாமா?

உள்நாட்டுப் படிப்புக்கு முடிந்தவரை வேண்டாம். பிணையில்லாமல் 4 லட்சம் வரை வங்கி கொடுக்கும் என்பது ஆசை காட்டும். படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 3 லட்சம் கடன், 10 சதவீதத் தனிவட்டி, மூன்று வருடம் என்றால் தவணை தொடங்கும்போதே 3,90,000. ஏழு வருடத்தில் அடைக்க மாதம் கிட்டத்தட்ட 6,500 ரூபாய். 25,000 சம்பளத்தில், அதுவும் வருடத்தில் மூன்று மாதம் வராத சம்பளத்தில், இது கழுத்தில் கயிறு. கடன் இருக்கிறவர் நல்ல ஆய்வை விட்டுவிட்டுக் கிடைக்கிற வேலைக்கு ஓட வேண்டியிருக்கும். அந்த ஓட்டத்தில் இந்தத் துறை இழந்த திறமைசாலிகள் கொஞ்சமல்ல.

வெளிநாட்டில் படித்தால்?

முழு உதவித்தொகை கிடைத்தால் போங்கள், இல்லையென்றால் போகாதீர்கள். ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோ கையிலும் வரும். அமெரிக்காவில் ஆய்வு உதவியாளராகச் சேர்த்துக்கொள்கிற பேராசிரியர் கிடைத்தால் கட்டணமும் செலவும் அவர் திட்டத்திலிருந்து போகும். சொந்தப் பணத்தில் முப்பது நாற்பது லட்சம் போட்டுப் படித்துவிட்டு வந்தால், இங்குள்ள சம்பளத்தில் அதை எடுக்க முடியாது.

பெண் பிள்ளையைக் காட்டு வேலைக்கு அனுப்பலாமா?

பெற்றோர் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி இது. அனுப்பலாம். என் முதுகலை வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். இன்று களத்தில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வாளர்களில் பலர் பெண்கள்.

ஆனால் பயம் எதைப் பற்றியது என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். அம்மா பயப்படுவது புலிக்கு. நான் கவலைப்படுவது முகாமில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதற்கு. வேலைக்குச் சேருமுன் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்: தங்குமிடத்தில் இன்னொரு பெண் இருப்பாரா? இரவில் அவசரம் என்றால் வண்டி யார் பொறுப்பு? போன் சிக்னல் கடைசியாகக் கிடைக்கிற இடம் எது? புகார் சொல்ல உள் குழு இருக்கிறதா, அதில் யார் யார்? இவற்றுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். "காட்டில் இதெல்லாம் பார்க்க முடியுமாம்மா?" என்று சிரிக்கிற இடத்தை விட்டுவிடுங்கள், எத்தனை பெரிய பெயராக இருந்தாலும்.

செலவுக் கணக்கிலும் இது வரும். பெண்கள் பாதுகாப்பான அறைக்கும் வண்டிக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைச் சொந்தக் கையிலிருந்து கொடுக்காதீர்கள். திட்ட பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எந்தத் திறமை இருந்தால் சம்பளம் கூடும்?

எண்ணத் தெரிந்தவர் நிறையப் பேர். எண்ணியதை ஆராயத் தெரிந்தவர் குறைவு. ஆர் என்னும் கணினி மொழியில் புள்ளியியல், செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபடம் தயாரிக்கும் ஜி.ஐ.எஸ்., இந்த இரண்டும் கையில் இருந்தால் மழைக்காலத்திலும் வேலை இருக்கும். இரண்டுக்கும் மென்பொருள் இலவசம். நேரம்தான் கொடுக்க வேண்டும்.

பணம் ஓரளவு தாராளமாக வருகிற மூலை என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 2006 அறிவிப்பாணைப்படி பெரிய திட்டங்களுக்கு இந்த அறிக்கை கட்டாயம். அதில் சூழலியல், பல்லுயிர்ப் பகுதிக்கு அங்கீகாரம் பெற்ற நிபுணர் கையெழுத்திட வேண்டும். சில வருட அனுபவத்துக்குப் பின் அந்த அங்கீகாரம் பெறலாம். ஒரு எச்சரிக்கை: திட்டம் கொண்டுவருகிறவரே அறிக்கைக்குப் பணம் கொடுக்கிறார். "அந்தப் பாம்பை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்களேன்" என்று ஒரு நாள் போன் வரும். உங்கள் வருமானம் முழுக்க அந்த ஒரே ஆளிடமிருந்து வருகிறது என்றால் மறுப்பது கஷ்டம். ஆகவே இதை ஒற்றைப் பிழைப்பாக வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது திறமையை எந்தக் கல்லூரியும் பாடமாக வைப்பதில்லை: ஊராரிடம் பேசுவது. வால்பாறையில் யானை வரும் செய்தியைக் குறுஞ்செய்தியாகவும் சிவப்பு விளக்காகவும் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொல்லும் ஏற்பாடு பல வருடமாக நடக்கிறது. அதைச் செய்தவர்கள் யானையை மட்டும் படித்திருந்தால் அது நடந்திருக்காது. லயன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். பயிர் இழந்த விவசாயியிடம் கோபப்படாமல் அரை மணி நேரம் கேட்கத் தெரிந்த உயிரியலாளருக்கு இன்று எல்லா மாவட்டத்திலும் தேவை இருக்கிறது.

பதினைந்து நாள் சான்றிதழ்ப் படிப்புகள் பயன்படுமா?

ஆர்வம் உண்மையா என்று பார்க்க ஒன்று போய் வரலாம். வேலைக்கு அந்தச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. அதே பணத்தில் இரண்டு மாதம் ஒரு கள முகாமில் தன்னார்வலராகத் தங்கிவிடலாம்.

ஐந்து வருடம் பார்த்துவிட்டு வெளியேற நினைத்தால் என்ன செய்வது?

வெளியேறுவது தோல்வியே இல்லை. என் வகுப்புத் தோழர்களில் ஒருவர் பி.எட். முடித்துப் பள்ளியில் இருக்கிறார். அவர் மாணவர்கள் ஊர் ஏரியில் பறவைக் கணக்கெடுக்கிறார்கள். இன்னொருவர் வரைபடத் துறைக்குப் போய் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சம்பாதிக்கிறார். ஒரு தோழி வங்கித் தேர்வு எழுதினார். ஒரு தேதியை மட்டும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். "28 வயதுக்குள் ஜே.ஆர்.எஃப். அல்லது ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம்; இல்லையென்றால் மாறுவேன்" என்பது மாதிரி. தேர்வுகளுக்கு வயது வரம்பு இருக்கிறது: இந்திய வனப்பணிக்குப் பொதுப்பிரிவில் 32. காட்டின் மீதுள்ள பிரியத்தில் அது கடந்துபோனதே தெரியாது.

சேருமுன் கல்லூரியில் என்ன கேட்க வேண்டும்?

கள ஆய்வுக்கு வனத்துறை அனுமதி யார் வாங்கித் தருவார்கள் என்று கேளுங்கள். மாணவர் தானே அலைய வேண்டும் என்றால் ஒரு செமஸ்டர் அதிலேயே போய்விடும். சென்ற வருடம் களச் செலவுக்கு ஆளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். எத்தனை பேர் நெட் தேறினார்கள் என்று கேளுங்கள்.

அதோடு கடைசி இரண்டு பேட்ச் மாணவர்களில் நான்கைந்து பேரின் போன் எண்ணைக் கேட்டு வாங்கி, நீங்களே பேசுங்கள். இப்போது எங்கே இருக்கிறார்கள், சென்ற மாதச் சம்பளம் வந்ததா, சேர்ந்ததற்கு வருந்துகிறார்களா என்று நேராகவே கேட்கலாம், மறைக்க மாட்டார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் போடுங்கள். பகலில் பாதிப் பேருக்குச் சிக்னல் இருக்காது.